தக்கவைக்கும் உரிமை: கற்பனைக் கால்பந்து ஏலத்தின் முன்கதை

1962ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் என்னும் அமெரிக்கக் கால்பந்து அணி நாட்டின் கிழக்குப் பகுதியில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தது. அப்பருவத்தின் 14 ஆட்டங்களில் 13இல் தோற்ற அணி அது. அப்பயணத்தின்போது நியூயார்க் விடுதி ஒன்றில் மூவர் ஓர் இரவு முழுவதும் பேசிக்கொண்டிருந்தனர். ஒருவர் பில் விங்கன்பாக், அணியின் பங்குதாரர்களில் ஒருவர். மற்றொருவர் பில் டன்னல், அணியின் செய்தித் தொடர்பாளர். மூன்றாமவர் ஸ்காட்டி ஸ்டர்லிங், ‘ஓக்லண்ட் டிரிபியூன்’ நாளிதழின் செய்தியாளர். உண்மையான ஆட்டக்காரர்களைக் கொண்டு கற்பனையான அணிகளை அமைத்து, அவ்வீரர்கள் வாரந்தோறும் எடுக்கும் புள்ளிகளைக் கொண்டு தமக்குள் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் விளையாட்டொன்றின் விதிகள் அவ்விரவில் உருவாயின. 1963 ஆகஸ்டில், ஓக்லண்டில் உள்ள விங்கன்பாக்கின் வீட்டில் எட்டு அணிகள் கூடி, முறைவைத்து ஆளுக்கு இருபது வீரர்களைத் தேர்ந்தெடுத்தன. முதலில் எடுக்கப்பட்டவர் ஹூஸ்டன் அணியின் குவாட்டர்பேக் ஜார்ஜ் பிளாண்டா. உலகின் முதல் கற்பனைக் கால்பந்துப் போட்டித் தொடர் இதுவே.

இந்நிகழ்வு விளையாட்டு வரலாற்றில் ஒரு சுவையான துணுக்காகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அதில் கவனிக்கத்தக்க முரண் ஒன்று உண்டு. அணி உரிமையாளராகக் கற்பனை செய்துகொள்ளும் விளையாட்டைத் தொடங்கியவர், உண்மையிலேயே ஓர் அணியின் பங்கு உரிமையாளர். ஆனால் சிறுபங்கு உடையவருக்கு யாரை வாங்குவது, யாரை விடுவது என்று முடிவு செய்யும் அதிகாரம் இல்லை. பங்குப் பத்திரம் தராத அதிகாரத்தை வரவேற்பறை மேசை தந்தது. இக்கற்பனையின் கரு ஆட்டக்காரராவது அன்று, உரிமையாளராவதே. அதன் பின்வந்த ஆறு பத்தாண்டு வளர்ச்சியையும் இவ்வொரு செய்தியிலிருந்தே தொடங்கிப் படிக்கலாம்.

ஓக்லண்டுத் தொடரில் ஏலம் இல்லை, தக்கவைத்தலும் இல்லை. ஆண்டுதோறும் பலகையைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தேர்ந்தெடுப்பதே அங்கு முறை. இன்று ‘கீப்பர் லீக்’ என்று அழைக்கப்படும் வடிவத்தின் இரு தூண்களான ஏலமும் தக்கவைப்பும் கால்பந்துக்குப் பேஸ்பாலிலிருந்து வந்தவை. அவை வந்த வழியைத் தேடிச் செல்வோர், விளையாட்டின் வரலாற்றில் தொடங்கித் தொழிலாளர் வரலாற்றுக்குள் சென்று சேர்வர்.

ஏலம் வந்த வழி

பேஸ்பாலில் இவ்வகைக் கற்பனை விளையாட்டுக்கு முன்னோடியாக அமைந்தவர் ஒரு சமூகவியலாளர். 1960இல் வில்லியம் காம்சன் தம் நண்பர்களோடு ‘பேஸ்பால் செமினார்’ என்ற பெயரில் ஒரு விளையாட்டைத் தொடங்கினார். பின்னாளில் சமூக இயக்கங்கள் பற்றிய ஆய்வால் புகழ்பெற்று, அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் தலைவராகவும் விளங்கியவர் இவர். காம்சன் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது விளையாட்டும் உடன் சென்றது. அங்கு அதில் சேர்ந்தவர்களுள் ஒருவர், பின்னர் திரைப்பட வரலாற்றாளராக அறியப்பட்ட ராபர்ட் ஸ்கிளார். ஸ்கிளாரின் வழிகாட்டலில் இருந்த மாணவர் டேனியல் ஓக்ரென்ட். ஆசிரியரிடம் கேட்டறிந்த அவ்விளையாட்டு ஓக்ரென்டின் நினைவில் தங்கிவிட்டது.

1979 நவம்பரில் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகருக்குச் சென்ற விமானப் பயணத்தில் ஓக்ரென்ட் புதிய விதிகளை எழுதினார். பின்னர் நியூயார்க்கில் ‘லா ரொட்டிசெரி ஃபிரான்சேஸ்’ என்ற உணவகத்தில் கூடிய பதிப்பாளர்களும் இதழாளர்களுமான நண்பர்கள் அவ்விதிகளை ஏற்றனர். உணவகத்தின் பெயரே விளையாட்டின் பெயராயிற்று. 1980 ஏப்ரலில் முதல் ஏலம் நடந்தது. ஒவ்வோர் அணிக்கும் சம அளவான தொகை. அதற்குள் முழு அணியையும் வாங்கி முடிக்க வேண்டும். நாளடைவில் 23 வீரர்களுக்கு 260 டாலர் என்பது நிலையான அளவாயிற்று. 1981இல் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் பேஸ்பால் பருவம் பாதியில் நின்றபோது, எழுதுவதற்கு ஆட்டமில்லாத விளையாட்டுச் செய்தியாளர்கள் இக்கற்பனை ஆட்டத்தைப் பற்றி எழுதினர். 1984இல் விதிகள் நூலாக வெளிவந்தன. அங்கிருந்து அம்முறை கால்பந்துக்கும் பரவியது.

தேர்வுமுறைக்கும் ஏலத்துக்கும் உள்ள வேறுபாடு நுட்பமானது. முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும்போது, முதல் சீட்டு எவருக்கு விழுகிறதோ அவருக்கே முதல் வீரர். மற்றவர்க்கு அவ்வீரரை அடைய வழியே இல்லை. ஏலத்தில் எந்த வீரரும் எவர்க்கும் எட்டக்கூடியவரே. விலை கொடுக்கும் மனம் இருந்தால் போதும். ஏலச்சீட்டுக் கூட்டத்தில் அமர்ந்து பழகியவர்க்கு இம்மனநிலை புதிதன்று. தன் தேவையையும் பிறர் தேவையையும் ஒருசேரக் கணித்து, எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிந்திருப்பதே அங்கும் இங்கும் திறமை.

ஏலம் நடைபெறும் விதம்

வழக்கமான கால்பந்து ஏலத்தில் பன்னிரண்டு அணிகள். அணிக்கு 200 டாலர் கற்பனைப் பணம். ஒவ்வோர் உரிமையாளரும் முறைவைத்து ஒரு வீரரின் பெயரை முன்மொழிவார். தாம் விரும்பும் வீரரைத்தான் முன்மொழிய வேண்டும் என்பதில்லை. பிறருடைய பணத்தைக் கரைக்கத் தமக்கு வேண்டாத வீரரை முன்மொழிவதும் நயமான உத்தி. ஒரு டாலரில் தொடங்கி ஏறும் விலை, எதிர்க்குரல் எழாதபோது நின்றுவிடும். அணியின் எல்லா இடங்களும் நிரப்பப்பட வேண்டும் என்பதால், எஞ்சிய ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு டாலரையேனும் ஒதுக்கிவைத்தாக வேண்டும். ஆறு இடங்கள் காலியாக இருக்க 60 டாலர் கையில் உள்ளவர், ஒரு வீரருக்கு 55 டாலருக்கு மேல் கேட்க முடியாது.

தக்கவைப்பு இத்துடன் காலத்தைச் சேர்க்கிறது. சென்ற ஆண்டு வாங்கிய வீரர்களுள் சிலரை, சென்ற ஆண்டின் விலையிலோ அதற்குச் சற்று மேற்பட்ட விலையிலோ அடுத்த ஆண்டும் வைத்துக்கொள்ளலாம். ஐந்து டாலருக்கு வாங்கிய இளம் ஆட்டக்காரர் ஒருவர் ஓராண்டில் 45 டாலர் பெறுமதிக்கு உயர்ந்துவிட்டார் என்க. ஐந்து டாலர் உயர்வோடு பத்து டாலருக்கு அவரைத் தக்கவைத்தால் உரிமையாளருக்கு 35 டாலர் ஆதாயம். இந்த இடைவெளியையே விளையாடுவோர் ‘கீப்பர் மதிப்பு’ என்கின்றனர். போட்டியின் நீண்டகால வெற்றி பெரும்பாலும் இதைச் சேர்ப்பதில்தான் இருக்கிறது.

இதன் விளைவாக ஏலச்சந்தையில் பணவீக்கம் தோன்றுகிறது. பன்னிரண்டு அணிகளின் மொத்தப் பணம் 2400 டாலர். தக்கவைக்கப்பட்ட வீரர்களின் உண்மைப் பெறுமதி 840 டாலர். ஆனால் அவர்களுக்காகக் கழிக்கப்பட்ட தொகை 480 மட்டுமே என்று கொள்ளலாம். எஞ்சிய 1560 டாலர் பெறுமதியுள்ள வீரர்களைத் துரத்தி 1920 டாலர் வருகிறது. எனவே ஒவ்வொரு விலையும் ஏறத்தாழ 23 விழுக்காடு ஏறும். 40 டாலர் பெறுமதியுள்ளவர் 49 டாலருக்குப் போவார். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு ‘விலை அதிகம்’ என்று ஒதுங்கும் புதியவர், ஏல முடிவில் செலவழிக்காத பணத்தோடும் வலுவற்ற அணியோடும் எழுந்து செல்வார்.

இத்தகைய தொடரை நடத்துபவருக்குக் ‘கமிஷனர்’ என்று பெயர். தக்கவைப்புப் பட்டியலுக்குக் காலக்கெடு வைப்பது, ஒருவரை எத்தனை ஆண்டு வைத்துக்கொள்ளலாம் என்று வரையறுப்பது, கூட்டுச்சதி என்று ஐயுறத்தக்க பரிமாற்றங்களைத் தடுப்பது ஆகியவை அவர் கடமைகள். பருவத்தின் நடுவிலேயே நம்பிக்கை இழந்த அணி, தன் விலையுயர்ந்த வீரர்களையெல்லாம் முன்னணியில் உள்ளவருக்குத் தந்துவிட்டு, அடுத்த ஆண்டுக்கு மலிவான இளைஞர்களைப் பெற்றுக்கொள்ளும்போது சச்சரவு எழும். அது சூழ்ச்சியா நியாயமான வணிகமா என்பதே கீப்பர் தொடர்களின் தீராத வழக்கு. ரொட்டிசெரி விதிநூல் இதற்கெல்லாம் நுட்பமான ஏற்பாடுகள் செய்தது. ஓர் அணி அதிகபட்சம் 15 வீரர்களைத் தக்கவைக்கலாம். இரண்டு பருவங்கள் ஒரே விலையில் இருந்த வீரரை மூன்றாவது பருவத்துக்கு முன் விடுவிக்க வேண்டும். அல்லது அதே விலையில் ‘விருப்ப ஆண்டு’ ஒன்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அல்லது கூடுதலாகும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஐந்து டாலர் வீதம் விலையை உயர்த்தி நீண்ட ஒப்பந்தம் செய்ய வேண்டும்.

‘விருப்ப ஆண்டு’, ‘ஒப்பந்தம்’, ‘விடுவித்தல்’, ‘கமிஷனர்’ என்னும் இச்சொற்கள் எவையும் விளையாட்டுக்காகப் புனையப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னே நூறாண்டு வழக்கு உண்டு.

ஐவர் பட்டியல்

1879 செப்டம்பரில் பஃபலோ நகரில் கூடிய நேஷனல் லீக் பேஸ்பால் உரிமையாளர்கள் தமக்குள் மறைவாக ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். ஒவ்வோர் அணியும் ஐந்து வீரர்களைத் தனக்கென ஒதுக்கிவைத்துக்கொள்ளும். அந்த ஐவரை வேறெந்த அணியும் அணுகாது. ஏறும் ஊதியத்தைக் கட்டுப்படுத்துவதே நோக்கம். முதலில் அப்பட்டியலில் இடம்பெறுவதைச் சில ஆட்டக்காரர்கள் பெருமையாகவே கருதினர். வேலை உறுதி என்பது அதன் பொருள் அல்லவா? 1883இல் ஐவர் பதினொருவராயினர். 1887 அளவில் பட்டியல் 14 பேராக விரிந்து, ஏறத்தாழ அணி முழுவதையும் தழுவிற்று. அவ்விதி ஆட்டக்காரரின் ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டது. இதுவே ‘ரிசர்வ் கிளாஸ்’ எனப்படும் ஒதுக்கீட்டு விதி.

அதே 1887இல் ஜான் மாண்ட்கோமெரி வார்ட் ‘லிப்பின்காட்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டக்காரரும் சட்டம் பயின்றவருமான அவர் கட்டுரைத் தலைப்பிலேயே எழுப்பிய வினா, பேஸ்பால் ஆட்டக்காரர் ஓர் அசையும் சொத்தா என்பது. அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டு இருபத்திரண்டு ஆண்டுகளே கடந்திருந்த நாட்டில் அச்சொல் வெறும் அணிநயமாக ஒலித்திருக்க முடியாது. வார்ட் முன்னின்று உருவாக்கிய ஆட்டக்காரர் சகோதரத்துவ அமைப்பு 1890இல் தனக்கென ஒரு லீக்கையே நடத்திப் பார்த்தது. அது ஒரே பருவத்தில் முடிந்தது. 1922இல் உச்ச நீதிமன்றம் பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டம் பொருந்தாது என்றது.

1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் அணியில் பன்னிரண்டு பருவங்கள் ஆடிய கர்ட் ஃபிளட், தம் ஒப்புதல் இன்றி ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றப்பட்டார். கறுப்பினத்தவரான அவர், விருப்பத்தைக் கேளாமல் வாங்கி விற்கப்படும் பொருளல்லத் தாம் என்று கமிஷனருக்கு எழுதிவிட்டு வழக்குத் தொடுத்தார். 1972இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி பிளாக்மன், முதற்பகுதியில் பழைய பேஸ்பால் நாயகர்கள் எண்பதுக்கும் மேற்பட்டோரின் பெயர்களை அடுக்கினார். பெரும்பான்மையினரிலேயே இருவர் அப்பகுதியில் சேர மறுத்தனர். உரிமை கேட்டு வந்த ஆட்டக்காரருக்கு நீதிமன்றம் முதலில் கொடுத்தது ஓர் இரசிகரின் பட்டியல்.

சுவர் வேறு பக்கத்தில் உடைந்தது. மார்வின் மில்லர் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் நடுவர் தீர்ப்பு முறையைப் பெற்றிருந்தது. ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மெக்னாலி ஆகியோரின் வழக்கில் 1975 டிசம்பர் 23 அன்று நடுவர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்பளித்தார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் உரிமை ஓராண்டுக்கு மட்டுமே. புதுப்பித்த ஒப்பந்தத்தை மீண்டும் மீண்டும் புதுப்பித்து என்றென்றைக்குமாகப் பிடித்துவைக்க முடியாது என்பது அதன் சாரம். ‘விருப்ப ஆண்டு’ என்ற சொல்லின் பொருள் அன்று தீர்மானிக்கப்பட்டது. 1976 உடன்பாட்டின்படி ஆறு பருவங்கள் ஆடியவர் தாமே அணியைத் தேர்ந்துகொள்ளலாம்.

கால்பந்திலும் கதை இதுவே, ஆண்டுகள்தாம் வேறு. வெளியேறும் வீரருக்கு ஈடாகப் பழைய அணிக்கு எதைத் தர வேண்டும் என்று கமிஷனரே முடிவு செய்யும் ‘ரோசல் விதி’, 1976இல் மேக்கி வழக்கில் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பாயிற்று. 1989இல் உரிமையாளர்கள் ‘பிளான் பி’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தனர். ஒவ்வோர் அணியும் 37 வீரர்களைப் பாதுகாத்துக்கொள்ளலாம், எஞ்சியோரே சுதந்திரர். பெயரைத் தவிர எல்லா வகையிலும் இது ஒரு கீப்பர் பட்டியல். 1992 செப்டம்பரில் ஃபிரீமன் மெக்நீல் வழக்கில் நடுவர்குழு அதைச் சட்டவிரோதம் என்றது. 1993இல் உண்மையான விடுதலைச் சந்தை பிறந்தது. அதற்கு விலையாக 1994இல் ஊதிய உச்சவரம்பு வந்தது. அணிக்கு 34.6 மில்லியன் டாலர். அதற்குள் முழு அணி. 260 டாலருக்குள் முழு அணியை வாங்கிய நியூயார்க் நண்பர்களின் விதியும், தேசியக் கால்பந்து லீக்கின் விதியும் வடிவத்தில் இப்போது ஒன்றாயின.

ஆதாயம் யாருடையது?

ரொட்டிசெரி விதிகள் சைட்ஸ் தீர்ப்புக்கு நான்கு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டவை. அவை பழைய நிரந்தரப் பிடிப்பை மீட்டெடுக்கவில்லை. 1976க்குப் பிந்திய சமரசத்தையே நகலெடுத்தன. காலவரையறை உண்டு, விலை உயர்வு உண்டு, விடுவித்தல் உண்டு. எனவே கீப்பர் லீக்கை அடிமைமுறையின் எச்சம் என்று ஒரே வீச்சில் சொல்லிவிடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

நகலில் விடுபட்டது ஒன்றே ஒன்று. மூல ஒப்பந்தத்தில் மேசையின் இரு பக்கமும் ஆட்கள் அமர்ந்திருந்தனர். கற்பனைத் தொடரில் ஒரு பக்கம் மட்டுமே உண்டு. மூன்றாண்டுக்குப் பின் வீரரை விடுவிக்க வேண்டும் என்ற விதி அங்கேயும் இருக்கிறது. ஆனால் அது வீரரின் விடுதலைக்காக இல்லை, ஓர் உரிமையாளரே நல்லவர்களையெல்லாம் வைத்துக்கொள்ளக் கூடாது என்னும் ஏனைய உரிமையாளர்களின் நலனுக்காக இருக்கிறது.

பொருளியல் இவ்விடத்தில் தெளிவு தருகிறது. 1956இல் சைமன் ராட்டன்பர்க் பேஸ்பாலின் உழைப்புச் சந்தை பற்றி எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. ஒதுக்கீட்டு விதி இல்லாவிடில் பணக்கார அணிகளே நல்ல வீரர்களைக் குவித்துவிடும் என்பது உரிமையாளர்களின் வாதம். ராட்டன்பர்க் அதை மறுத்தார். வீரரைப் பணத்துக்கு விற்க முடியும் வரை, உரிமை யாரிடம் இருந்தாலும் அவர் அதிகப் பயன்தரும் அணிக்கே போய்ச் சேருவார். விதி மாற்றுவது பணம் யார் கைக்குப் போகிறது என்பதை மட்டுமே. 1974இல் ஜெரால்ட் ஸ்கல்லி அந்தப் பணத்தை அளந்தார். ஆட்டக்காரர் அணிக்கு ஈட்டித்தரும் வருவாய்க்கும் அவர் பெறும் ஊதியத்துக்கும் இடையே பெரும் பள்ளம் இருந்ததை அவர் ஆய்வு காட்டியது.

ஸ்கல்லி அளந்த பள்ளமும் ‘கீப்பர் மதிப்பு’ என்று விளையாடுவோர் மகிழ்ந்து கணக்கிடும் இடைவெளியும் வடிவத்தில் ஒன்றே. ஒருவருடைய பெறுமதியிலிருந்து அவருக்குக் கொடுக்கப்படும் விலையைக் கழித்தால் வருவது. பொருளியலாளர் அதைச் சுரண்டலின் அளவு என்றார். விளையாட்டு அதைத் திறமையின் அளவு என்கிறது. கற்பனைத் தொடரில் எந்த ஆட்டக்காரரும் ஒரு காசும் இழப்பதில்லை என்பது உண்மை. ஆயினும் ஆண்டுதோறும் இக்கழித்தலைச் செய்து பழகிய இரசிகர், உண்மையான ஆட்டக்காரர் ஊதிய உயர்வு கேட்டுப் பயிற்சிக்கு வர மறுக்கும் நாளில் எந்தப் பக்கம் நின்று செய்தியைப் படிப்பார் என்பது எளிய வினா அன்று. ஊடக ஆய்வாளர் தாமஸ் ஓட்ஸ் 2009இல் இம்மனநிலைக்குப் பதிலி மேலாண்மை என்னும் பொருள்படப் பெயரிட்டார். இரசிகரின் ஒன்றுதல் ஆட்டக்காரரிடமிருந்து நிர்வாகத்துக்கு நகர்கிறது என்பது அவர் வாதம்.

மறுபக்கமும் உண்டு. ஏலத்தில் அமர்பவரே ஆட்டக்காரரின் உண்மைப் பெறுமதியை அறிய வேண்டியவராகிறார். ஒருவர் குறைவாக ஊதியம் பெறுகிறார் என்பதை அவரைவிடத் துல்லியமாக அறிந்த இரசிகர் இலர். அந்த அறிவு நியாய உணர்வாக மாறுமா, இலாப உணர்வோடு நின்றுவிடுமா என்பதை விதிநூல் தீர்மானிப்பதில்லை.

உருவம் வெளிப்பட்ட கணம்

2017 ஆகஸ்டில் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி தன் கற்பனைக் கால்பந்துத் தொடர் ஒளிபரப்பின் ஒரு பகுதியாக ஏலக் காட்சி ஒன்றை நடத்திக் காட்டியது. ஏலம் விடுபவர் மேடையில் நின்று கறுப்பினத்தைச் சேர்ந்த நட்சத்திர வீரரின் உருவத்தைக் காட்ட, பெரும்பாலும் வெள்ளையரான கூட்டம் விலை கேட்டது. சார்லட்ஸ்வில்லில் வெள்ளை இனவாதிகள் பேரணி நடத்திச் சில நாள்களே ஆகியிருந்தன. கடும் கண்டனம் எழ, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஏலம் என்பது இவ்விளையாட்டில் வழக்கமான முறை என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

அவ்விளக்கம் பொய்யன்று. ஆயிரக்கணக்கான வீடுகளில் ஆண்டுதோறும் எவ்விதத் தீய எண்ணமும் இன்றி இதே ஏலம் நடைபெறுகிறது. எண்களாகவும் பெயர்களாகவும் மேசைமேல் இருந்தவரை தெரியாதது, உடலும் கூட்டமும் ஏலச்சுத்தியும் ஓரிடத்தில் சேர்ந்தபோது தெரிந்துவிட்டது. வார்ட் 1887இலும் ஃபிளட் 1969இலும் சுட்டிய இடம் அதுவே.

பெயரும் எண்களும் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அதற்கு முன்பே நீதிமன்றம் சென்றிருந்தது. 2007இல் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சி.பி.சி. நிறுவன வழக்கில், ஆட்டக்காரரின் பெயரும் புள்ளிவிவரமும் பொதுவெளியில் உள்ள செய்திகள்; உரிமம் பெறாமலே கற்பனை விளையாட்டுகள் அவற்றைப் பயன்படுத்தலாம் என்று தீர்ப்பளித்தது. கருத்துரிமையின் நோக்கில் அது வலுவான தீர்ப்பு. ஆட்டக்காரர் இல்லாத மேசைக்கு அதுவே சட்ட ஒப்புதலும் ஆயிற்று.

இந்திய வரிசை

அமெரிக்காவில் முதலில் உரிமைப்போர், பின்பு சமரசம், அதன்பின் அச்சமரசத்தின் கற்பனை நகல் என்று வரிசை அமைந்தது. இந்தியாவில் வரிசை வேறு. 2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் இந்தியன் பிரீமியர் லீக் தன் முதல் ஏலத்தை நடத்தியது. அணிக்கு ஐந்து மில்லியன் டாலர் வரம்பு. மகேந்திர சிங் தோனி 1.5 மில்லியன் டாலருக்குச் சென்னைக்குச் சென்றார். இங்கே ஏலம் கற்பனையாக அன்று, உண்மையான வேலைவாய்ப்பு முறையாகவே வந்தது. பின்னர்த் தக்கவைப்பும், பிறர் கேட்ட விலைக்கே பழைய அணி வீரரை மீட்டுக்கொள்ளும் ‘ரைட் டு மேட்ச்’ முறையும் சேர்ந்தன. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்துக்கு முன், ஓர் அணி இவ்விரு வழிகளிலும் சேர்த்து ஆறு வீரர்களை வைத்துக்கொள்ளலாம் என்று விதிக்கப்பட்டது; அணிக்கு 120 கோடி ரூபாய் வரம்பு. அமெரிக்க நண்பர்கள் விளையாட்டாகச் செய்வதன் முழு இலக்கணமும் இங்கே தொழிலின் இலக்கணம்.

வேறுபாடு இதுதான்: இந்தியக் கிரிக்கெட்டில் வார்ட் இல்லை, மில்லர் இல்லை, சைட்ஸும் இல்லை. 2019இல் தோன்றிய இந்தியக் கிரிக்கெட் வீரர் சங்கம் ஓய்வுபெற்றவர்களுக்கானது. ஆடிக்கொண்டிருப்பவர்க்குத் தொழிற்சங்கம் கிடையாது. தக்கவைப்பின் எண்ணிக்கையும் விலைப்படிகளும் வாரியமும் அணி உரிமையாளர்களும் கலந்து வகுப்பவை.

இந்திய நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் கற்பனை விளையாட்டைப் பற்றி நிரம்பப் பேசியுள்ளன. ஆனால் கேட்ட கேள்வி வேறு. சென்னைக் குதிரைப் பந்தயம் தொடர்பான கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை மேலோங்கிய விளையாட்டு என்றது. அத்தீர்ப்பைத் துணைக்கொண்டு 2017இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம், டிரீம்11 நடத்திய கற்பனை விளையாட்டும் திறமை சார்ந்ததே என்று கண்டது. 2023இல் டில்லி உயர் நீதிமன்றம், பொதுவெளியில் உள்ள பெயரையும் புள்ளிவிவரத்தையும் பயன்படுத்துவதைத் தடுக்க மறுத்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா தற்செயலா என்ற பாகுபாட்டையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது. திறமையா சூதா, தடையா அனுமதியா என்ற இவ்வழக்குகள் அனைத்திலும் விளையாடுபவரின் பணம் பேசப்பட்டது. வீரரின் விலையை யார் வகுக்கிறார், அவ்விலைக்கும் பெறுமதிக்கும் இடைப்பட்டது யாருக்குச் சேருகிறது என்பது பேசப்படவில்லை.

ஐவர் பட்டியலில் இடம்பெற்றதைப் பெருமையாகக் கருதிய 1879ஆம் ஆண்டின் ஆட்டக்காரர் பட்டியலில் தம் பெயரைக் கண்டார். அதை எழுதிய கூட்டத்தில் தமக்கு நாற்காலி இல்லை என்பதைக் காணவில்லை. அதை அவர்தம் தொழில் உணர்ந்து, மாற்றத் தொண்ணூற்றாறு ஆண்டுகள் ஆயின. ‘தக்கவைக்கப்பட்ட வீரர்கள்’ என்ற தலைப்போடு ஏலத்துக்கு முன் நாளிதழ்கள் வெளியிடும் பட்டியல்களை வருங்கால வரலாற்று மாணவர் படிக்கும்போது, அவற்றிலுள்ள பெயர்களையும் தொகைகளையும் குறித்துக்கொள்வார். அவற்றோடு கேட்கவேண்டிய வினா, அத்தலைப்பின் செயப்பாட்டு வினைக்கு எழுவாய் யார் என்பது.